பதினெட்டு காரட் சங்கிலி

முதல் தடவை என் தாலிச் சங்கிலி அறுந்தபோது நான் அழுத அழுகைக்கு அளவே இல்லை. அது அறுந்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. சரி, நான் பத்தாவது படித்தவள். என் வீட்டுக்காரர் மண்டையில் ஏன் ஏறவில்லை என்பதுதான் இன்றுவரை என் ஆத்திரம். எந்த உலோகம் எவ்வளவு தாங்கும், எப்போது உடையும் என்று பார்ப்பதற்குத்தானே அந்த மனுஷனுக்குச் சம்பளம்!

அவர் ஜகதீசன். ஹைதராபாத் பாலாநகரில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில், இரும்பைக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துகிற பிரிவை மேற்பார்வை பார்க்கிற சார்ஜ்மேன். நான் திரிபுரசுந்தரி, அதே தொழிற்சாலையில் வைண்டிங் பிரிவு. தலைமுடி கனத்தில் இருக்கும் செம்புக் கம்பியை ஒரு அச்சின் மேல் ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். காலடியில் பெடல். மிதித்தால் சுழலும், காலை எடுத்தால் நிற்கும். எடுத்தவுடன் நிற்காது, ஏழெட்டுச் சுற்று ஓடிவிட்டுத்தான் நிற்கும். கம்பி ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் விழுகிறதா என்று பார்க்க, முகத்தை அச்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு குனிந்தே ஆக வேண்டும். எங்கள் பிரிவில் பதினான்கு பேர். எல்லாரும் பெண்கள்.

தொங்குகிற நகை எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. வளையலைக் கழற்றச் சொல்வார்கள், மோதிரத்தைக் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்று என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கும் வாய் வராது. எங்கள் ஃபோர்மேன் பத்மநாபன் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் உள்ளே போயிற்றா என்று கேட்பார். போயிற்று என்போம். சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு ஒரு ஊக்கு குத்திக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

1974, ஆடி மாதம். அந்த ஊக்கு திறந்துகொண்டது. குனிந்திருந்த என் கழுத்திலிருந்து சங்கிலி வெளியே நழுவி அச்சில் மாட்டியது. சுரீரென்று பின்கழுத்தில் ஒரு இழுப்பு; அடுத்த நொடி அறுந்துவிட்டது. தாலி பறந்து போய்ப் பக்கத்து மிஷின் ஐவியின் ஸ்டூலுக்கடியில் விழுந்தது. என் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. தேங்காயெண்ணெய் தடவினேன், சாயந்திரம் அது போய்விட்டது. என் கழுத்தை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. எல்லாரும் தாலியைத்தான் பார்த்தார்கள். தாலி அறுந்து விழுந்துவிட்டதே, அவருக்கு என்ன ஆகுமோ என்பதுதான் எனக்கு நினைப்பு. மறுநாள் அவர் பெங்களூருக்கு டூர் போக வேண்டும். போகக் கூடாது என்று காலில் விழாத குறையாக அழுதேன்.

அவர் போகவில்லை. அதற்குப் பதிலாக, அறுந்த சங்கிலியை மேஜை மேல் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

"தேஞ்சு போயிருக்கு சுந்தரி. பத்து வருஷமா கண்ணியும் கண்ணியும் உரசி உரசிப் பாதிதான் மிச்சம். இருபத்திரண்டு காரட்டு தினமும் போட்டுக்கற பொருளே இல்ல. பீரோவுல வெக்கற பொருள்."

தினமும் போடுகிற சங்கிலியைப் பதினெட்டு காரட்டில்தான் செய்ய வேண்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம். எங்கள் ஆற்காடு பக்கத்தில் மாற்றுக் குறைந்த தங்கத்தில் தாலிச் சங்கிலி போடுவது பிழைக்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியம். என் நாத்தனார் ஒரு பார்வை பார்த்தாலே நிறத்தைச் சொல்லிவிடுவாள். மூன்று நாள் சண்டை போட்டோம். நாலாம் நாள், எதற்கும் கடையில் கேட்போம் என்று சிகந்திராபாத் பாட் மார்க்கெட்டுக்குப் போனோம்.

கடை சேட்டு நல்ல மனுஷர். இருபத்திரண்டு தேயும், பதினெட்டைப் பார்த்தால் ஜனங்கள் பேசுவார்கள், ரெண்டுக்கும் நடுவில் இருபதில் போட்டுக்கொள்ளுங்களேன் என்று இந்தியும் தெலுங்குமாகச் சமாதானம் சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்கிற ஜாதியா? தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடக்கூட உறுதி எப்படி ஏறும் என்று அந்தச் சேட்டுக்கே பாடம் எடுத்தார். கடைசியில், மூன்று மாற்றிலும் விரல் நீளத்துக்கு ஒவ்வொரு கம்பி இழுத்துக் கொடுங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தார். தங்கத்தைக் கொண்டுபோய்த் தொழிற்சாலையில் இழுவைச் சோதனை மிஷினில் மாட்டிய ஆள் இந்த ஹைதராபாத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். சாப்பாட்டு வேளையில் இழுத்துப் பார்த்து, காகிதத்தில் எழுதி, என் பிரிவு வாசலுக்கே வந்து காட்டினார். பதினெட்டு காரட் கம்பி, இருபத்திரண்டைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கியிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் ஒத்துக்கொண்டேன். அவர் கணக்கு புரிந்து இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு தடவை அது அறக்கூடாது. நாத்தனார் பேசினால் பேசிக்கொண்டு போகட்டும்.

பழைய சங்கிலியை உருக்கி அதிலேயே செம்பும் வெள்ளியும் சேர்த்துப் புதுசு செய்தார்கள். கண்ணிக்குக் கண்ணி கெட்டியாகப் பற்றவைத்தது. கொக்கிதான் எப்போதும் முதலில் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லி, கொக்கியே வேண்டாம் என்றுவிட்டார் அவர். தலை வழியாகப் போட்டுக்கொள்கிற நீளம். கொஞ்சம் சிவப்பு ஓடியது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது. கடையிலேயே தாலியைக் கோர்த்துப் பற்றவைத்து வாங்கிவந்து, அவரே போட்டுவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று, பொய் சொல்ல மாட்டேன்.

ஐவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவள் தமிழில் அந்த ஊர் உருது கலந்து வரும்: கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். அவளுக்கும் தாலி உண்டு. தினமும் காலையில் அதைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள். எனக்கு அது பார்க்கவே பிடிக்காது. புதுச் சங்கிலியை அவளிடம் காட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"கைக்கு அக்கா இவ்ளோ கெட்டியா? மிஷின்ல மாட்டிக்கிட்டா?"

"மாட்டினா என்ன? இது அறவே அறாது."

"ஹவ், அதத்தான் நானும் சொல்றேன். மிஷின்கிட்ட நக்கோக்கா. கழட்டி டப்பால போடு."

எனக்குச் சுருக்கென்றது. என் தாலியை ஊறுகாய்க்குப் பக்கத்தில் போடச் சொல்கிறாளே என்று அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது உள்ளே எங்கேயோ தங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒரு ஊக்குக்கு இரண்டு ஊக்காகக் குத்திக்கொண்டேன். குனியும்போதெல்லாம் இடதுகை தானாக நெஞ்சுக்குப் போகும். மார்கழியில் ஒரு நாள் சங்கிலி வெளியே வந்து அச்சுக்கு நேராக ஊசலாடியே விட்டது. காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தேன். சங்கிலியை உள்ளே விட்டு ஊக்கை மறுபடி குத்திக்கொண்டேன். ஐவி பார்த்துவிட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அவர் இன்னொரு சோதனை செய்வார், வேறென்ன.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மாசக் கடைசிக்குள் ஆர்டர் போயாக வேண்டும் என்று பத்மநாபன் நாலு நாளாக எங்கள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் இடிபட்டதில் ஒரு ஊக்கு வளைந்து போயிருந்தது. ஒன்று போதும் என்று உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றரை மணி இருக்கும். வலதுகையில் கம்பி, இடதுகையில் அடுக்குக்கு நடுவே வைக்கிற காகிதம். இரண்டு கையும் வேலையாக இருந்தது.

பின்கழுத்தில் யாரோ கையை வைத்துக் கீழே அழுத்தினார்கள். அப்படித்தான் இருந்தது. அச்சு என் முகத்தை நோக்கி வந்தது. நான்தான் அதை நோக்கிப் போகிறேன் என்று புரிவதற்குள் சங்கிலி இரண்டு சுற்று சுற்றிவிட்டது. காலை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? ஏழெட்டுச் சுற்று ஓடாமல் அது நிற்காதே. ஒவ்வொரு சுற்றுக்கும் சங்கிலி குறைந்துகொண்டே வந்தது. மோவாய் அச்சில் இடித்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் நான் காத்துக்கொண்டிருந்தேன். போன தடவை அறுந்ததே, இப்போது அறுந்துவிடும், இதோ அறுந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இது அறாது. அறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த சங்கிலி. விரலை விட்டுக் கொக்கியைத் தேடினேன். கொக்கியும் இல்லை. சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. மகள் ரமாவுக்கு ஆறு வயசு, பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றரைக்கு வருவாள், சாவி என் பையில் இருக்கிறதே என்று நினைத்தேன். கண் முன்னால் செம்புக் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்மநாபன் வெட்டுக் குறடோடு ஓடிவந்திருக்கிறார். கழுத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே குறடின் மூக்கு நுழைய இடமில்லை. இரண்டு பேர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார்கள், அது இன்னும் இறுகியிருக்கிறது. ஐவிதான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாரையும் தள்ளிவிட்டு, மிஷினின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றியிருக்கிறாள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வர வர நாலு சுற்று. அதற்கப்புறம்தான் குறடு நுழைந்தது.

டிஸ்பென்சரிக் கட்டிலில் கண் திறந்தேன். கழுத்தைச் சுற்றிக் கட்டு. பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தாலி கழுத்திலேயே இருந்தது. கம்பிச்சுருளுக்குச் சுற்றுகிற வெள்ளைக் காட்டன் டேப்பில் கோர்த்து ஐவி கட்டிவிட்டிருந்தாள், கையில் ரத்தத்தோடு. தாலி இல்லாமல் கண் விழித்தால் நான் பயந்துபோவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டப்பாவில் போடச் சொன்னவள்!

அப்போது அவர் ஓடிவந்தார். உலையருகே போட்டுக்கொள்கிற தடித்த கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். வாசலுக்குப் பக்கத்து மேஜை மேல் ஒரு எனாமல் தட்டில் சங்கிலியை வைத்திருந்தார்கள். குறடு வெட்டிய இடம் தவிர முழுசாக இருந்தது. அவர் கண் முதலில் அதில்தான் விழுந்தது. நின்று பார்த்தார்.

"ஒரு கண்ணிகூட அறல," என்றார்.

கட்டிலுக்கு வருவதற்கு முன்னால் அதைச் சொன்னார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், கையுறையோடு முகத்தை மூடிக்கொண்டார், எல்லாம்தான். அந்த வார்த்தையை அவர் பெருமையாகச் சொல்லவில்லை, பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் எனக்குக் குரல் வந்துவிட்டது. வந்ததை நான் யாருக்கும் காட்டவில்லை. ரமாவிடம் மட்டும், அவர் இல்லாத நேரத்தில் காதோடு காதாகப் பேசுவேன். அப்பாவிடம் சொல்லாதே என்றால், "நை சொல்றேன்மா," என்று இந்தியும் தமிழுமாகக் கையடித்துச் சத்தியம் செய்வாள். அவர் ரசம் வைத்தார், கஞ்சி வைத்தார், என் கழுத்துக் கட்டை மாற்றினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு வெறுப்பு எனக்கு அவர் மேல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

எட்டாம் நாள் பத்மநாபன் வீட்டுக்கு வந்தார். பாவம், வாசலிலேயே நின்று பேசினார். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவதானால் வைண்டிங், இல்லையென்றால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல், அறாத சங்கிலியோடு என் பிரிவு வாசப்படியை யாரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பேக்கிங் என்றால் பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. எட்டு வருஷம் கண்ணைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட வேலையை விட்டுவிட்டு அங்கே போக எனக்கு மனசில்லை. தாலியைக் கழற்றவும் மனசில்லை. அது சரியா தப்பா என்று யாரோடும் வாதாட நான் வரவில்லை. என்னால் முடியாது, அவ்வளவுதான். அந்த மிஷினில் மறுபடி உட்கார வேண்டும் என்று நினைத்தாலே கை கழுத்துக்குப் போயிற்று, அதுவும் நிஜம்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் வேலை. மத்தியானம் வந்தவர் சாப்பிடாமல் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெட்டின சங்கிலியை மேஜை மேல் வைத்தார்.

"எங்க மிஷின் ஒவ்வொண்ணுலயும் ஒரு பின்னு இருக்கு, சுந்தரி. வேணும்னே மெத்துனு செஞ்சு போடுவோம். எங்கயாவது சிக்கிக்கிச்சுன்னா மொதல்ல அது ஒடையணும். அது ஒடைஞ்சாத்தான் மிஷின் பொழைக்கும். பதினஞ்சு வருஷமா அந்தப் பின்னைப் பாத்து நான்தான் கையெழுத்துப் போடறேன். கெட்டியா இருந்தா தூக்கிக் கடாசிடுவேன். மிஷினுக்கெல்லாம் அப்படிப் பாத்தவன்…"

சங்கிலியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கும்தான் அந்தப் பின்னு இருந்துது," என்றேன். ஒன்பது நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. குரல் எனக்கே கரகரவென்று வேறு யாருடையதோ போல இருந்தது. "ஆடி மாசத்துல அறுந்துதே, அதுதான். நீங்கதான் உருக்கினீங்க."

அவர் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து மஞ்சளில் தோய்த்த நூல் கொஞ்சம் எடுத்தார். சங்கிலியின் வெட்டுப்பட்ட இரண்டு முனையையும் மூன்று இழை நூலால் சேர்த்துக் கட்டி, அந்த முடிச்சு பின்கழுத்தில் வருகிற மாதிரி பிடித்துக் காட்டினார். சங்கிலி பதினெட்டாகவே இருக்கட்டும், தேயாது என்றார். சிக்கினால் நூல் அறுந்துகொள்ளும். பத்மநாபனிடம் பேசிவிட்டாராம், அறும் என்று தெரிந்தால் பத்மநாபனுக்குச் சம்மதமாம். இழுவை மிஷினில் இழுத்துப் பார்த்தாயிற்று, எத்தனை கிலோவில் அறும் என்று எழுதி வைத்திருக்கிறேன் என்று நோட்டைப் பிரித்தார்.

நான் நோட்டை மூடினேன். "மிஷினுக்குக் கழுத்து இல்லைங்க," என்றேன்.

சங்கிலியை எடுத்து அவர் தலை வழியாக மாட்டினேன். முடிச்சைப் பின்கழுத்துக்குத் தள்ளினேன். முன்பக்கத்தை என் கையில் பிடித்து, அச்சு சுற்றுகிற மாதிரியே முஷ்டியில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் தலை கீழே வந்தது. நாலு. சங்கிலி அவர் கழுத்துச் சதைக்குள் போயிற்று. நூல் அறவில்லை. முகம் ரத்தமாகச் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்போது விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். அவர் இரண்டு கையும் தொடை மேலேயே இருந்தன, என் கையைத் தடுக்க ஒரு விரல்கூட எழும்பவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எனக்கே பயம் வந்து கையை விட்டேன்.

வெகுநேரம் இருமினார். இருமல் நின்றதும், "மூணு இழை ஜாஸ்தி," என்றார். கத்தரியை எடுத்து ஒரு இழையை வெட்டினார். திரும்பவும் தானே மாட்டிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

இந்தத் தடவை இரண்டாவது சுற்றிலேயே நூல் பட்டென்று அறுந்தது. சங்கிலி மொத்தமும் என் கையோடு வந்துவிட்டது. அவர் கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதவிட வலிச்சுதா சுந்தரி?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.